பேர் சொல்லாமல் எடுத்த தண்ணீர்

மலையை மூடுபனி விழுங்கியிருந்த நவம்பர் மதியம். கண்ணாடி துடைப்பானின் ரப்பரில் ஈரம் உறையப் பார்க்கிற குளிர். அந்தக் குளிரில், எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

தோப்ரி முதலில் அதை நம்பவில்லை. நகத்தால் தட்டிப் பார்த்தான். ஆகஸ்ட் வெயிலில், பின்சீட்டிலும் டிக்கியிலும் உருளைக்கிழங்கு மூட்டைகளை அடைத்துக்கொண்டு இந்தக் கணவாயில் ஏறும்போது முள் இப்படிப் போயிருக்கிறது. அது நியாயம். இன்றைக்கு வண்டியில் இருப்பது அவனும் அவன் மனைவி நெவேனாவும் மட்டும். நெவேனாவோ இந்த மூன்று வருஷத்தில் பாதியாகக் கரைந்துபோனவள்.

"என்னத்த தட்டுற?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

"ஒண்ணுமில்ல. முள்ளு சரியில்ல."

"சோம்பேறியா இருக்கா, உன்ன மாதிரி?"

"என்ன மாதிரின்னா படுத்துல்ல கெடக்கும். இது எந்திரிச்சு நிக்குது."

அவள் சிரித்தாள். சிரித்தபோது காய்ந்த உதட்டின் நடுவில் வெடிப்பு விரிந்தது. சிறுநீரகம் இரண்டும் நின்றுபோனவள். வாரத்துக்கு மூன்று தடவை மலையைத் தாண்டிப் போய், கீழே நகரத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மிஷினில் படுத்து எழுந்து வர வேண்டும். குடிக்கிற தண்ணீர் உடம்பைவிட்டு வெளியே போக வேறு வழி கிடையாது. அதனால் நாளெல்லாம் அவளுக்கு ஒரு சின்னக் கோப்பை தண்ணீர்தான் கணக்கு. ஊறுகாய் ஜாடியைக் கழுவும் சத்தம் கேட்டால்கூட எச்சில் விழுங்குவாள். போன வியாழக்கிழமை காற்றில் மரம் சாய்ந்து பாதை அடைபட்டு, ஒரு முறை தவறிவிட்டது. இன்றைக்கும் தவறினால் தாங்காது என்று நர்ஸ் போனில் சொல்லிவிட்டாள். மெதுவாகச் சொல்லவில்லை, கத்தித்தான் சொன்னாள்.

தோப்ரி ஹீட்டரை முழுக்கத் திறந்துவிட்டான். எஞ்சினின் சூட்டை வண்டிக்குள் இழுத்துக் குறைக்கிறது பழைய வித்தை. கல்குவாரியில் வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். துவாரத்தின் முன்னால் கையை வைத்தான். வந்தது குளிர்காற்று.

எஞ்சின் கொதிக்கிறது, ஹீட்டரில் குளிர் அடிக்கிறது என்றால் அர்த்தம் ஒன்றுதான். உள்ளே தண்ணீர் இல்லை.

பீச் என்கிற உயர்ந்த காட்டு மரங்கள் இரண்டு பக்கமும் நெருக்கி நிற்கிற வளைவில் ஒதுக்கி நிறுத்தினான். பானெட்டைத் தூக்கியதும் இரும்பும் ரப்பரும் வெந்த வாடை முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரம் காத்திருந்து, கந்தலைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினான். ஒரு பெருமூச்சு வந்தது, அவ்வளவுதான். விரலை விட்டுப் பார்த்தான். காய்ந்த பாத்திரம்.

எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஓஸ் பைப்பைப் பிடித்துப் பார்த்தான். எஞ்சின் அடுப்பாய்க் கனன்றுகொண்டிருக்க, ஓஸ் பிணம்போலக் குளிர்ந்து கிடந்தது. சரி, விஷயம் இதுதான். தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கிற கதவு அது. கதவு அடைபட்டதும் தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிக் கொதித்து ஆவியாகப் போயிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. கழற்றி எறிந்துவிட்டு வெறும் வழியாக விட்டால் நகரம் போய்ச் சேரலாம்.

அவன் இரண்டாவது போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, கணவாயின் மேலிருந்து மரம் ஏற்றிய லாரி ஒன்று பனியைக் கிழித்துக்கொண்டு இறங்கி வந்து நின்றது. அவன் ஊர்க்காரர் பாண்டெலேய். ஜன்னல் வழியாக மீசை மட்டும் வெளியே வந்தது.

"என்னடா தோப்ரி, வண்டியையும் நெவேனா கூட மிஷின்ல படுக்கப் போடப் போறியா?"

"அங்க எனக்கே கட்டில் கெடைக்கல அண்ணே, இதுக்கு எங்க போக!" என்றாள் நெவேனா உள்ளேயிருந்து.

"ரெண்டு பேரும் ஏறுங்க. ஊருக்குத் திரும்பி ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாம்."

"அது வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்ணே," என்றான் தோப்ரி. "இது சின்ன வேல. முடிச்சுட்டேன்."

பாண்டெலேய் இறங்கி வந்து, பிளாஸ்டிக் கோப்பையில் சர்க்கரை தூவிய அவித்த கோதுமையை நீட்டினார். அன்று செத்தவர்களுக்கான சனிக்கிழமை. காலையிலேயே எல்லா ஊர் இடுகாடுகளிலும் மெழுகுவத்தி எரிந்து, கல்லறைகள் மேல் தண்ணீரும் திராட்சைச் சாராயமும் ஊற்றியாகியிருந்தது. "எங்கம்மாவுக்காக," என்றார்.

நெவேனா விரல் நுனியால் நாலு கோதுமைமணி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "உங்கம்மாவ ஆண்டவன் மன்னிக்கட்டும்," என்றாள்.

தோப்ரியும் வாயில் போட்டான். மென்றான். ஒன்றும் சொல்லவில்லை.

செத்தவர்களுக்காக மட்டும் சொல்கிற வார்த்தை அது. யாருக்காகச் சாப்பிட்டாலும் குடித்தாலும் அந்தப் பேரைச் சொல்லி, ஆண்டவன் மன்னிக்கட்டும் என்று சொல்ல வேண்டும். நெவேனா நோயில் விழுந்த நாளிலிருந்து அவன் அதைச் சொன்னதில்லை. சொந்தத் தம்பியின் சாவுச் சோற்றில்கூட வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த வார்த்தை அவன் வாய்க்குள் வந்தால் வீட்டுக்குள் வந்தமாதிரி. வீட்டுக்குள் வந்துவிட்டால் சும்மா போகாது.

"தண்ணிக்கு என்ன பண்ணுவ?" என்றார் பாண்டெலேய்.

"வளைவுல ஒரு ஊத்து இருக்குல்ல."

"இருக்கு. ஆனா மொதல்ல நீ ஒரு வாய் குடி. கல்லுல உள்ள பேர வாசி, சொல்லு. அதுக்கப்புறம் வண்டிக்கு ஊத்து. யாரோ செத்தவங்க தாகத்துக்குன்னு கட்டுனது. இன்னைக்குப் பாத்து மனுஷன் வாய்ல படாம எடுக்காத."

"ரேடியேட்டருக்கும் வாய் இருக்குண்ணே. அதுவே குடிச்சுக்கும்."

பாண்டெலேய் சிரிக்கவில்லை. லாரி இறங்கிப் போன சத்தம் பனிக்குள் சீக்கிரமே செத்துப்போனது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பெரிய கேனைத் தூக்கிக்கொண்டு அவன் வளைவைச் சுற்றி நடந்தான். பாறையை ஒட்டி எழுப்பிய சின்னக் கல்சுவர், நடுவில் இரும்புக்குழாய், அதிலிருந்து இராப்பகலாய் நிற்காமல் விழுகிற தண்ணீர். இன்றைக்கு யாரும் இங்கே மெழுகுவத்தி வைத்திருக்கவில்லை. பேர் செதுக்கிய இடத்தைப் பாசி மூடியிருந்தது. கொஞ்சம் சுரண்டினால் தெரிந்திருக்கும். அவன் சுரண்டவில்லை. குடிக்கவும் இல்லை. கேனின் வாயைக் குழாயில் மாட்டிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். கேன் நிறைகிற சத்தம் பொதுவாக மெலிந்து மெலிந்து மேலே ஏறும். இது அப்படி ஏறாமல், அடித்தொண்டையில் யாரோ விழுங்குகிற மாதிரி ஒரே சத்தமாக இருந்தது.

எஞ்சினை ஓடவிட்டு, மெல்லிய தாரையாக ரேடியேட்டரில் ஊற்றினான். காற்றுக்குமிழிகள் வெளியே வந்தன. மேல் ஓஸ் சூடானது. முள் இறங்கியது. வழியில் தேவைப்படும் என்று மறுபடி போய்க் கேனை நிரப்பி, பின்சீட்டின் அடியில் வைத்தான்.

"சொன்னியா?" என்றாள் நெவேனா.

"என்னது?"

"பேரு."

"சொன்னேன், சொன்னேன்."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

வண்டி ஏறியது. ஹீட்டரில் வெதுவெதுப்பு வந்தது. பின்னால் பார்க்கிற கண்ணாடியில் தொங்கிய புனித நிக்கோலாவின் படம் வளைவுக்கு வளைவு ஆடியது. நெவேனா காலிலிருந்த சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "இன்னைக்கு எனக்குத் தாகமே இல்ல, தோப்ரி," என்றாள். ஆச்சரியமாகச் சொன்னாள், சந்தோஷமாகக்கூடச் சொன்னாள். மூன்று வருஷத்தில் அவள் வாயிலிருந்து அவன் அதைக் கேட்டதே இல்லை. நல்ல விஷயம்தானே என்று நினைத்தான்.

கொஞ்ச தூரம்தான். முள் மறுபடி ஏறியது. ஹீட்டரில் குளிர்.

இறங்கித் திறந்தான். ரேடியேட்டர் வறண்டு கிடந்தது.

இந்தத் தடவை அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஓஸ் பைப்புகளின் மூட்டுகளைத் தடவினான், காய்ந்திருந்தது. பம்பின் அடியில் விரலை விட்டான், காய்ந்திருந்தது. ஆயில் கம்பியை உருவித் துடைத்துப் பார்த்தான். உள்ளே கேஸ்கெட் போய்த் தண்ணீர் கலந்திருந்தால் எண்ணெய் பால்காப்பி நிறத்தில் இருக்கும், இது சுத்தமாக இருந்தது. சைலன்சரில் வெள்ளைப்புகை இல்லை. ஹீட்டர் உள்ளுக்குள் ஒழுகுகிறதோ என்று நெவேனாவின் காலடிக் கம்பளத்தைத் தடவிப் பார்த்தான். அதுவும் காய்ந்திருந்தது. வந்த வழியே கொஞ்சம் நடந்து தார்ச்சாலையைப் பார்த்தான். ஒரு சொட்டு இல்லை.

அவ்வளவு தண்ணீர். எங்கே போயிருக்கும்?

கம்பளத்தைத் தடவியபோது அவன் பார்த்தது மனதில் நின்றது. நெவேனா சப்பாத்தையே கழற்றிப் போட்டிருந்தாள். சாக்ஸின் விளிம்பு கணுக்காலில் புதைந்து, அதற்கு மேல் சதை பிதுங்கியிருந்தது. காலையில் அப்படி இல்லை.

"வியாழக்கெழம தவறுனதுதான்," என்றான் அவளிடம், தனக்கும் சேர்த்து.

"ம்," என்றாள். "சீக்கிரம் போ."

பின்சீட்டுக் கேனிலிருந்து ஊற்றினான். முள் இறங்கியது. ஏறினார்கள். பனி இப்போது ஜன்னலில் கைவைத்துக்கொண்டு கூடவே வருவதுபோல இருந்தது. எங்கோ ஒரு மாட்டுமணி ஒருமுறை அடித்து நின்றது. அவள் மூச்சில் ஒரு சத்தம் சேர்ந்திருந்தது. குழாயில் நீர் தேங்கி நிற்கிற மாதிரி, ஒவ்வொரு இழுப்புக்கும் அடியில் ஒரு களகளப்பு.

கணவாயின் உச்சிக்குச் சற்று கீழே முள் மறுபடி சிவப்பைத் தொட்டது.

கேனில் பாதி மிச்சம் இருந்தது. மூடியைத் திறந்து சாய்த்தான். தண்ணீர் களக், களக் என்று இறங்கியது. பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாக உள்ளே பார்த்தான். சும்மா, அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்கத்தான்.

நெவேனா தலையைப் பின்னால் சாய்த்து, வாயை லேசாகத் திறந்திருந்தாள். தூங்குகிறவள் மாதிரி. அவள் தொண்டை அசைந்தது.

களக். தொண்டை மேலே ஏறி இறங்கியது.

களக். ஏறி இறங்கியது.

அவன் ஊற்றுவதை நிறுத்தினான். தொண்டை நின்றது.

பிறகு, சோதித்துப் பார்க்க வேண்டாம் என்று மனது கதறக் கதற, கேனை மறுபடி கொஞ்சமே கொஞ்சம் சாய்த்தான்.

களக்.

அவள் விழுங்கினாள். அவள் கண்ணிமை, கன்னம், உதடு எல்லாமே ஒரு சுற்றுப் பெருத்தன. அவன் கண்முன்னாலேயே.

கேன் கையிலிருந்து விழுந்து உருண்டது. அவன் கதவைத் திறந்து அவள் இடது கையைப் பிடித்தான். டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக முழங்கைக்குக் கீழே ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம். அந்த இடம் எப்போதும் தோலுக்கு அடியில் சின்ன மோட்டார் மாதிரி அதிர்ந்துகொண்டிருக்கும். ராத்திரி தூங்கும்முன் அவன் காதை வைத்து, ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் விளக்கை அணைப்பான். இப்போதும் காதை வைத்தான்.

மோட்டார் சத்தம் இல்லை. கல்லின் மேல் தண்ணீர் விழுகிற சத்தம். நிற்காமல்.

அவன் விரல் பட்ட இடமெல்லாம் குழி விழுந்து, குழி அப்படியே நின்றது. கல்யாண மோதிரம் சதைக்குள் காணாமல் போயிருந்தது.

சொல்ல வேண்டும். இப்போதாவது சொல்ல வேண்டும். சாலையில் மண்டியிட்டான்.

"ஆண்டவன்..." என்றான். "ஆண்டவன் அவன மன்னிக்கட்டும்."

"அவன் இல்ல," என்றாள் நெவேனா.

கண் மூடியே இருந்தது. குரல் அவளுடையதுதான். ஆனால் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது.

"அவ," என்றாள்.

"பேரு? பேரு என்ன? நெவேனா, பேரச் சொல்லு!"

அவள் உதட்டோரத்தில் ஒரு நீர்முத்து திரண்டு நின்றது.

பேர் பாசிக்கு அடியில் இருக்கிறது. வெகு கீழே, பனிக்குள். திரும்பிப் போனால் ஆஸ்பத்திரி இல்லை. அவன் எழுந்து, வண்டியை உச்சிவரை மட்டும் கொதிக்கக் கொதிக்க விரட்டினான். உச்சியைத் தாண்டியதும் எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் விட்டான். இனி இறக்கம்தான். எஞ்சின் வேண்டாம். எஞ்சின் வேண்டாமென்றால் தண்ணீர் வேண்டாம். புத்தி இன்னும் வேலை செய்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வண்டி சத்தமில்லாமல் உருண்டது. டயர் மட்டும் ஈரத்தில் இழைந்தது. எஞ்சின் ஓடாததால் பிரேக் கல்லாய்க் கனத்தது. முழு உடம்பையும் அதன்மேல் வைத்து மிதித்தான்.

சத்தமில்லாத வண்டிக்குள் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

களகள. களகள.

பிறகு இடைவெளி.

பிறகு களகள.

"தோப்ரி. முங்குறேன்."

நகரம் இன்னும் எவ்வளவோ கீழே. அதற்குள் இவள் உட்கார்ந்த இடத்திலேயே மூழ்கிவிடுவாள்.

வண்டியைப் பாறையோரம் உரசி நிறுத்தினான். தண்ணீர் உள்ளே போன வழி இருக்கிறதென்றால் வெளியே வருகிற வழியும் இருக்க வேண்டும். ரேடியேட்டரின் அடியில் ஒரு வடிகால் திருகு இருக்கிறது. மிஷினும் அதைத்தானே செய்கிறது? உள்ளே இருப்பதை எடுக்கிறது. அவ்வளவுதானே?

முன்பம்பருக்கு அடியில் மல்லாந்து நுழைந்தான். முதுகில் சரளை குத்தியது. இருட்டில் திருகு விரலுக்கு அகப்பட்டது. திருப்பினான்.

ஒன்றும் வரவில்லை.

பிறகு வந்தது.

கொதிக்கிற எஞ்சினிலிருந்து வருகிற சூடு இல்லை. வெதுவெதுப்பு. உடம்புச்சூடு. துரு வாடை இல்லை. நெவேனாவின் மூச்சில் இந்த மூன்று வருஷமாய் அடிக்கிற அந்த மருந்து வாடை. அவன் கன்னத்திலும் உதட்டிலும் தெறித்தது. உப்புக் கரித்தது.

மேலே களகளப்பு தணிந்தது. நீளமாய் ஒரு மூச்சு இழுத்தாள். நல்ல மூச்சு.

"லேசா இருக்கு தோப்ரி," என்றாள். "ரொம்ப லேசா இருக்கு."

அவன் அழுதான். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க, சிரித்துக்கொண்டு அழுதான். "இருடி. இரு. இன்னும் கொஞ்சம்தான். இப்ப மூடிருவேன்."

ஓடியது. அவன் ஊற்றிய அளவு ஓடியாயிற்று. இன்னும் ஓடியது.

"போதும்," என்றான். திருகை மூடினான்.

நிற்கவில்லை.

முழுக்க இறுக்கினான். விரல்தோல் கிழிந்தது. திருகு அடியில் போய் முட்டி நின்றது. தண்ணீர் நிற்கவில்லை. இராப்பகலாய் விழுகிற குழாய் மாதிரி, ஒரே சீராய், அவசரமில்லாமல் விழுந்தது.

"நெவேனா?"

மேலே சத்தமில்லை.

"நெவேனா, ஏதாவது பேசு."

உள்ளங்கையால் அடைத்தான். விரலிடுக்கில் வழிந்தது. அப்போது தண்ணீர் தரையில் விழுகிற சத்தம் மாறியது. சரளையில் விழவில்லை. எதிலோ நிறைந்தது.

தலையைத் திருப்பினான்.

முன்சக்கரத்துக்கு அந்தப்பக்கம், பனியிலிருந்து நீண்டு, இரண்டு கைகள். சேர்த்துக் குவித்த சின்னக் கைகள். நகக்கண்களில் பச்சைப் பாசி. தாரைக்கு நேர் கீழே, சிந்தாமல் பிடித்துக்கொண்டிருந்தன.

நிறைந்தன. பனிக்குள் போயின.

குடிக்கிற சத்தம். ரொம்ப நாள் தாகம் உள்ளவர் குடிக்கிற சத்தம்.

பிறகு புறங்கையால் வாயைத் துடைத்துக்கொள்கிற ஓசை. பிறகு, குடித்தவர் சொல்ல வேண்டிய முறைப்படி, மரியாதையாக, ஒரு சின்னப் பெண்ணின் குரல் சொன்னது:

"நெவேனாவ ஆண்டவன் மன்னிக்கட்டும்."

கைகள் மறுபடி நீண்டு வந்து, தண்ணீருக்கு அடியில் குவிந்தன.